கண்ணாடியில் நிற்கும் புறா

கண்ணாடிக்காரருக்குத் தொழிலில் ஒரே ஒரு கர்வம் உண்டு. அவர் மாட்டிய கண்ணாடி அங்கே இருப்பதே தெரியக் கூடாது. கடைத்தெருவில் ஒரு துணிக்கடைக்கு முகப்புக் கண்ணாடி போட்டுக் கொடுத்த முதல் வாரத்திலேயே மூன்று பேர் நேராகப் போய் முட்டி மூக்கை உடைத்துக்கொண்டார்கள். கடை முதலாளி சண்டைக்கு வந்தார். அவர் எதிரில் வருத்தமாக முகத்தை வைத்துக்கொண்டிருந்த இவர், வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம், "மூணு பேரு! நேரா வந்து முட்டியிருக்காங்க!" என்று பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி சொன்னார். மனிதர்களில் இப்படியும் ஒரு ரகம். மனைவி திட்டிய திட்டில்தான், புதுக் கண்ணாடி மாட்டியதும் ஈரச் சுண்ணாம்பில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு இழுத்துவிட்டு வரும் வழக்கம் அவருக்கு ஏற்பட்டது.

மனைவியைத் தெருவில் எல்லோரும் கத்தரியம்மா என்பார்கள். தையற்கடையில் துணி வெட்டுகிற வேலை. அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, ஆளை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தாலே போதும், தோள் எவ்வளவு, இடுப்பு எவ்வளவு என்று சொல்லிவிடுவார். புருஷனும் வெட்டுகிறவர், பெண்டாட்டியும் வெட்டுகிறவர். "நான் தப்பா வெட்டினா ஒட்டுப் போட்டுத் தைச்சுக்கலாம். நீங்க தப்பா வெட்டினா கூட்டி அள்ள வேண்டியதுதான்" என்று கத்தரியம்மா முப்பத்தொரு வருஷமாகச் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தார். அவர் தப்பாக வெட்டியதில்லை என்பது வேறு விஷயம். அடிக்கோல் வைத்து, வைர முனையை ஒரே இழுப்பில் இழுத்து, மெதுவாக ஒரு தட்டு தட்டுவார். கண்ணாடி பிசிறில்லாமல் இரண்டாகும்.

அந்த வருஷம் கோடை முடிகிற சமயம் கத்தரியம்மாவுக்கு இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை என்று கண்டுபிடித்தார்கள். நான்கு படி ஏறினால் மூச்சு வாங்கியது, பிறகு இரண்டு படிக்கே வாங்கியது. மாடியிலிருந்த கட்டிலைக் கீழே பின்னறைக்கு இறக்கினார்கள். அந்த அறைக்கு ஒரு சின்ன ஜன்னல்தான். அதைப் பார்த்துவிட்டு, "கல்லறையில கூட இதைவிட வெளிச்சம் வரும்" என்றார் கத்தரியம்மா.

கண்ணாடிக்காரர் மறுநாளே சுவரை இடிக்க ஆள் கூட்டி வந்துவிட்டார். ஆறடி அகலம், நாலரை அடி உயரம், நடுவில் கம்பி இல்லை, சட்டம் இல்லை, ஒரே பலகை. அவர் வாழ்நாளில் தொட்ட கண்ணாடிகளிலேயே உசத்தியானது. மாட்டி முடித்துவிட்டு வழக்கப்படி சுண்ணாம்புக் கோடு இழுத்தார். கத்தரியம்மா கட்டிலிலிருந்து தோட்டத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நல்லா இருக்குங்க. அந்தக் கோடுதான் கண்ணை அறுக்குது. இங்க யாரு வந்து முட்டப் போறாங்க? தொடைச்சிடுங்க."

துடைத்தார். இரண்டு பக்கமும் துடைத்து, காகிதத்தால் தேய்த்து, கண்ணாடி இருப்பதே தெரியாமல் செய்துவிட்டுத்தான் ஓய்ந்தார்.

தோட்டம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஓர் அத்தி மரம், இரண்டு மாதுளை, வேலி ஓரம் புதர். ஆனால் பார்க்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தது போல ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன. கத்தரியம்மா எல்லாவற்றுக்கும் பெயர் வைத்தார். நெஞ்சை நிமிர்த்தி நடந்து எதையும் குறை சொல்கிற மைனா ஜோடி, மேஸ்திரிகள். கொட்டையை மண்ணில் புதைத்துவிட்டுப் புதைத்த இடத்தை மறந்து விழிக்கிற அணில், ஞாபகசாலி. பொழுது சாய்கிற நேரம் சுவர் ஓரமாக முகர்ந்துகொண்டே போகும் முள்ளெலிக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர். அப்புறம் ஒரு தவிட்டு நிறப் புறா. பூனை வாயிலிருந்து தப்பி வந்தது, வால் முழுக்கப் பூனையோடு போய்விட்டது. உட்கார்ந்தால் சாய்ந்தது, பறந்தால் திரும்பத் தெரியாமல் தடுமாறியது. அது மொட்டை வால்.

முதல் சத்தம் ஒரு விடியற்காலையில் கேட்டது. 'தொப்' என்று, ஈரத் துணியைத் தரையில் போட்ட மாதிரி. கண்ணாடிக்காரர் வெளியே போய்ப் பார்த்தார். கண்ணாடிக்கு அடியில் ஒரு சிட்டுக்குருவி, கண் திறந்தபடி, உடம்பில் இன்னும் சூடு இருந்தது. அவர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தார். கண்ணாடி தெரியவில்லை. அத்தி மரமும் வானமும்தான் தெரிந்தன.

குருவியைக் காகிதத்தில் சுற்றி மரத்தடியில் புதைத்தார். மாத்திரைத் தூக்கத்திலிருந்து எழுந்த கத்தரியம்மா, "காலையில என்னமோ சத்தம் கேட்டுச்சே?" என்றார்.

"பக்கத்து வீட்டுல கதவு சாத்தினாங்க."

பக்கத்து வீடு பூட்டி ஆறு மாதம் ஆகியிருந்தது. பொய் சொல்லத் தெரியாதவர் பொய் சொன்னால் இப்படித்தான். ஆனால் கத்தரியம்மா, "ஓகோ" என்றாரே தவிர மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால், 'கோட்டைத் துடைக்கச் சொன்னது நான்தானே' என்று அந்தப் பலவீனமான நெஞ்சு அதையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும் என்று அவர் பயந்தார். கோட்டை மறுபடி போட்டால் ஏன் என்று கேட்பார். கயிற்றில் துணிக் கிழிசல்களைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தார். "பறவை பாக்கத்தான் கண்ணாடி போட்டீங்க, இப்ப அதுங்களை விரட்டவா?" என்று கத்தரியம்மா அன்றைக்கே அவிழ்க்கச் சொல்லிவிட்டார். அப்புறம் அவரிடம் மிச்சமிருந்த வழி, விடிவதற்குள் எழுந்து கண்ணாடிக்கு அடியில் பார்ப்பதுதான். சில நாள் ஒன்றும் இருக்காது. சில நாள் இருக்கும். இலை உதிர ஆரம்பித்து, தூரத்திலிருந்து பறவைக் கூட்டங்கள் தாழப் பறந்து கடக்கிற பருவம் வந்ததும் வாரத்துக்கு இரண்டு, மூன்று என்று ஆயிற்று. அத்தி மரத்தடியில் புதைக்க இடம் தேட வேண்டியிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டர் அவரைத் தனியாக வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"ஆபரேஷன் பண்ணா பாதிக்குப் பாதி. ஒளிச்சுப் பேச விரும்பல. ஆனா பண்ணாம விட்டா குளிர்காலம் தாண்டறது கஷ்டம். சளி கட்டினா இந்த இதயம் தாங்காது. குளிர் எறங்கறதுக்குள்ள பண்ணிடணும்."

கண்ணாடிக்காரர் திரும்பி நடந்தார். வராந்தாவிலிருந்து அறைக்குப் பதினைந்து தப்படி. அதற்குள் அந்தப் பாதியை மென்று விழுங்கிவிட்டார்.

"சின்ன ஆபரேஷன்தானாம். பத்து நாள்ல எழுந்து நடக்கலாமாம்."

"டாக்டர் அப்படியா சொன்னாரு?"

"அப்படியேதான் சொன்னாரு."

"அப்ப உங்க காது எதுக்குச் செவந்திருக்கு?"

"வெயிலு" என்றார். வெளியே மேகம் கவிந்திருந்தது.

கத்தரியம்மா தோட்டத்தைப் பார்த்தார். பிறகு, "மொட்டை வாலுக்கு வால் முளைக்கட்டும். அது நேரா பறக்கட்டும். அப்புறம் போவோம்" என்றார். மகள் தொலைவிலிருந்து போனில் கத்தினாள், அழுதாள், "ஒரு புறாவுக்காகவாம்மா?" என்று கேட்டாள். கத்தரியம்மா பிடித்த பிடியை விடவில்லை. ஆஸ்பத்திரியில் முதலில் கொடுத்த தேதி அப்படியே போயிற்று. புறாவுக்கு வால் முளைக்கத்தான் செய்தது. தினமும் கண்ணாலேயே அளந்து சொல்வார். ஒரு விரல். ஒன்றரை. இரண்டு விரல் அகலம். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

இரண்டு விரல் அகலம் முளைத்ததற்கு மூன்றாம் நாள் விடியலில் 'தொப்' என்று கேட்டது. இந்த முறை சத்தம் பெரிது. கண்ணாடிக்காரருக்கு வெளியே போகாமலே தெரிந்துவிட்டது. போய்ப் பார்த்தால் கழுத்து மடங்கிக் கிடந்தது, வாலில் அந்த இரண்டு விரல் புது இறகோடு. அதைப் புதைக்கும்போது அந்த ஆள் அழுதார். சத்தம் வரக் கூடாதென்று சட்டைக் கையைக் கடித்துக்கொண்டு அழுதார்.

"மொட்டை வாலைக் காணோமே" என்றார் கத்தரியம்மா பத்து மணிக்கு.

"குளிரு வருதுல்ல. எங்கயாவது வெதுவெதுப்பான ஊருக்குப் போயிருக்கும். எல்லாப் பறவையும் போகுதே."

"வால் முளைக்காமலேயே அவ்வளவு தூரமா?"

"ரெண்டு விரல் முளைச்சிருந்துச்சே" என்று பூசி மெழுகினார்.

கத்தரியம்மா அவர் காதைப் பார்த்தார். "சரி. அது வரட்டும். வந்ததும் போவோம்."

அதற்குப் பிறகு நடந்ததை அவர் வெகு காலம் யாரிடமும் சொல்லவில்லை.

நான்கு நாள் கழித்து, முதல் முறையாக நல்ல பனி இறங்கிய காலையில், கண்ணாடியின் வெளிப்பக்கம் முழுக்க ஈரம் படிந்து வெளுத்திருந்தது. நடுவில் புறா நின்றது. இரண்டு சிறகும் விரிந்து, தலை ஒரு பக்கம் திரும்பி, இறகு இறகாக எண்ணிவிடலாம் போல. கட்டிலை நோக்கி உள்ளே வந்துகொண்டிருப்பது போல இருந்தது.

அவருக்குக் காரணம் தெரியும். புறாவின் இறகில் மாவு மாதிரி ஒரு பொடி உண்டு. மோதுகிற வேகத்தில் அது கண்ணாடியில் பதிந்துவிடும். கண்ணாடியைக் கவ்வித் தூக்குகிற ரப்பர் பிடியின் வட்டமும் இப்படித்தான், எத்தனை துடைத்தாலும் போன மாதிரி இருந்து, பனி படிந்தால் பல வருஷம் கழித்தும் எழுந்து நிற்கும். 'அது அழுக்கில்லைங்க, ஒண்ணும் பண்ண முடியாது' என்று எத்தனையோ வீட்டில் அவரே சொல்லியிருக்கிறார். காரணம் தெரிந்திருந்ததால் பயம் ஒரு துளியும் குறையவில்லை. துணியை எடுத்து ஈரத்தை வழித்தார். புறா போயிற்று. கண்ணாடி காலியானது. நிம்மதியாக முகம் கழுவிவிட்டு வந்து பார்த்தால், மறுபடி ஈரம் படிந்து, மறுபடி அது நின்றது.

வினிகர் ஊற்றித் தேய்த்தார். ஸ்பிரிட் ஊற்றித் தேய்த்தார். வெயில் வந்தால் போகும், பனி வந்தால் வரும். பனியோ நாளுக்கு நாள் கூடிக்கொண்டு போயிற்று. விடியலுக்கு முன்பு எழுந்து, கத்தரியம்மா கண் விழிக்கிற வரைக்கும் வெளியே நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருப்பது அவருடைய வேலையாகிப்போனது. விரல்கள் மரத்துப் போகும். சில காலை அது தனியாக நிற்காது. ஓரத்தில் ஒரு குருவி, மேலே ஒரு மைனாவின் ஒற்றைச் சிறகு என்று மற்றவையும் மங்கலாக எழுந்து வரும். அவர் புதைத்த எல்லாம் வரிசையாக வந்து அவர் வீட்டுக் கண்ணாடியைத் தட்டுகிற மாதிரி இருந்தது. வேலைக்குப் போன இடங்களிலும் அவர் நிம்மதியாக இல்லை. ஒரு பள்ளிக்கூடத்து ஜன்னலுக்கு அளவெடுக்கும்போது முதுகுக்குப் பின்னால் 'தொப்' என்று கேட்டுத் திடுக்கிட்டுத் திரும்பினார். யாரோ புத்தகத்தைக் கீழே போட்டிருந்தார்கள். அன்றைக்கு முதல் முறையாக அவர் கையில் ஒரு கண்ணாடி கோணலாக உடைந்தது.

இதற்கு நடுவில் தோட்டம் காலியாகிக்கொண்டே வந்தது. மேஸ்திரிகள் எப்போதாவதுதான் வந்தார்கள். இன்ஸ்பெக்டர் இலைக் குவியலுக்குள் போய்ப் படுத்தவர் படுத்தவர்தான். கத்தரியம்மாவின் கால் வீங்கியது, உதடு லேசாக நீலம் பாரித்தது. ஆனாலும், "புறா வரலையா?" என்று தினமும் கேட்பார். கேட்கும்போது தோட்டத்தைப் பார்க்க மாட்டார், புருஷனைத்தான் பார்ப்பார். அந்த மனிதருக்கு அது உறைக்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அடுத்த வாரம் வியாழக்கிழமை ஓர் இடம் இருக்கிறது, குளிர் முடிகிற வரைக்கும் இதுதான் கடைசி. "திங்கட்கிழமை காலையில ஒம்பது மணிக்குள்ள உறுதியா சொல்லிடணும் சார். பின்னாடி ஆளுங்க காத்துட்டிருக்காங்க" என்றாள் போனில் பேசிய பெண்.

அன்று புதன்கிழமை. கண்ணாடிக்காரரிடம் ஐந்து நாள் இருந்தது. ஒரே ஒரு உண்மையைச் சொல்வதற்கு ஐந்து நாள் தாராளம். புத்தியுள்ள எவரும் கட்டில் ஓரத்தில் போய் உட்கார்ந்து வாயைத் திறந்திருப்பார்கள். இவர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு புறா பிடிக்கக் கிளம்பினார்.

பட்டறைக்குப் பின்னால் காலிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, குச்சி முட்டுக் கொடுத்து, தானியம் தூவி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் குந்தியிருந்தார். அறுபது வயதுக்கு அது தேவையா என்று கேட்கக் கூட ஆளில்லை. புறாக்கள் அவரைவிடக் கெட்டி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் ஒன்று மாட்டியது. அதே தவிட்டு நிறம், அதே பருமன். கையில் பிடித்தபோது அதன் நெஞ்சு அடித்த வேகத்தில் அவருக்குக் கட்டிலில் கிடக்கிற நெஞ்சு ஞாபகம் வந்தது. மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு, மனைவியின் பழைய கத்தரிக்கோலை எடுத்தார். இரண்டு விரல் அளந்தார். வெட்டினார்.

திங்கட்கிழமை ஏழு மணிக்குக் கண்ணாடியைத் துடைத்து முடித்து, கத்தரியம்மாவைத் தலையணை வைத்துச் சாய்த்து உட்காரவைத்தார். தோட்டத்துக்குப் போய் மாதுளைச் செடி மறைவில் அட்டைப்பெட்டியைத் திறந்துவிட்டு, ஓடிவந்து மூச்சு வாங்க நின்றார்.

"பாரு, பாரு! யாரு வந்திருக்கான்னு பாரு!"

புறா தானியத்துக்குப் பக்கத்தில் சாய்ந்து சாய்ந்து நடந்தது. கத்தரியம்மா மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கச் சிரித்தார், இருமினார், மறுபடி சிரித்தார். அவரும் சேர்ந்து சிரித்தார், முட்டாள்.

"ஏங்க" என்றார் கத்தரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு. "முளைக்கிற வாலு முனையில உருண்டு, ஒண்ணு ஏறி ஒண்ணு எறங்கி இருக்கும். இது வெட்டின வாலு. அடிக்கோல் வெச்ச மாதிரி வெட்டியிருக்கு. நாப்பது வருஷம் துணி வெட்டினவ நான், எனக்கே இவ்வளவு நேரா வராது. இந்த ஊர்ல இப்படி வெட்டற கை ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு."

அவர் சிரிப்பு அப்படியே நின்றது.

"நம்ம மொட்டை வாலு செத்துப் போச்சுல்ல?"

அவர் தலையணையைச் சரிசெய்யப் போனார்.

"எனக்குத் தெரியும். நீங்க அந்தப் பக்கம் நின்னு தொடைக்கறீங்க. நான் இந்தப் பக்கம் முழிச்சுக்கிட்டுக் கெடக்கேன். நீங்க உள்ள வந்து அடுப்புப் பத்த வெக்கறதுக்குள்ள அது திரும்ப வந்து நிக்குது. ரெக்கையை விரிச்சுக்கிட்டு, என்னையே பாத்துக்கிட்டு. ஒரு மாசமா தெனமும் பாக்கறேன். பூட்டின வீட்டுல கதவு சாத்தறாங்கன்னு சொன்னப்பவே தெரியும்."

"அப்ப எதுக்கு... வரட்டும் வரட்டும்னு..."

"நீங்க சொல்லுவீங்கன்னு. ஒரு புறா செத்ததைச் சொல்ல முடியல உங்களால. அப்ப டாக்டர் சொன்னதை மட்டும் எப்படி நம்பறது? புறாவைப் பத்தி உண்மையைச் சொல்லிட்டீங்கன்னா, ஆபரேஷனைப் பத்திச் சொன்னதும் உண்மைன்னு கெளம்பிடலாம்னு நெனச்சேன். வேற வழி எனக்குத் தெரியல." மூச்சு வாங்கியது. நிறுத்திவிட்டுக் கேட்டார்: "இப்பவாவது சொல்லுங்க. டாக்டர் என்ன சொன்னாரு?"

அவர் கதவுப் பக்கம் திரும்பினார். "தண்ணி... தண்ணி எடுத்துட்டு வரேன்" என்று கிளம்பி, தண்ணீர்க் குடத்தைத் தாண்டி, தோட்டத்துக்கே போய்விட்டார்.

அத்தி மரத்தடியில் நின்றார். காலுக்கடியில் பதினாலு பறவைகள். வால் வெட்டிய புறா வேலி மேல் ஏறப் பார்த்துச் சறுக்கி விழுந்தது, மறுபடி ஏறியது. 'பாதிக்குப் பாதி' என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். சொன்னால் பயத்திலேயே அவள் நெஞ்சு நின்றுவிட்டால்? சொல்லாமல் விட்டால்? நேரம் போனதே தெரியாமல், போவதும் வருவதுமாக அந்தத் துண்டு மண்ணைத் தேய்த்தார். திரும்பிப் பார்த்தபோது கண்ணாடிக்கு அப்பால் கத்தரியம்மா அசையாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் ஈரம் படிந்து, அது சிறகு விரித்து நின்றது. இனிமேல் மறைக்க முடியாது என்று அவர் உள்ளே போனார்.

"பாதிக்குப் பாதின்னாரு" என்றார் நின்றபடியே. "பொழைக்கவும் பாதி. போகவும் பாதி. பண்ணலைன்னா குளிர் தாண்டாதுன்னாரு."

கத்தரியம்மா கண்ணை மூடிக்கொண்டார். பயந்துவிட்டார் என்று அவர் பதறிக் கையைப் பிடித்தார். கண்ணைத் திறந்தபோது அதில் பயம் இல்லை, கோபம் இருந்தது.

"பாதியா? நான் ஒண்ணுமே தேறாதுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேங்க. உங்க மூஞ்சியைப் பாத்தா அப்படித்தானே இருந்துச்சு. பாதின்னு தெரிஞ்சிருந்தா அன்னைக்கே போயிருப்பேனே! பாதிக்குப் போயிருப்பேனே!"



"போன் பண்ணுங்க" என்றார் கத்தரியம்மா.

அப்போதுதான் அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது நாற்பது. கூடத்துக்கு ஓடிப்போய்ப் போன் செய்தார். "ஒம்பதரை வரைக்கும் பாத்தோம் சார். இப்பத்தான், பத்து நிமிஷம் முன்னாடி, வேற ஒருத்தருக்குக் கொடுத்துட்டோம்" என்றாள் அந்தப் பெண். அவர் கெஞ்சினார். அவள் நல்ல பெண், அவளும் வருத்தப்பட்டாள். குளிர் முடிந்ததும் முதல் இடம் உங்களுக்குத்தான் என்றாள். மகள் அன்றே கிளம்பி வந்து ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தாள். வேறு இரண்டு ஆஸ்பத்திரியிலும் கேட்டாள். எங்கும் அதே பதில்தான்.

ஆனால் அதெல்லாம் பிறகு. போனை வைத்தவருக்கு அந்த நிமிஷம் முன்னால் இருந்தது, கூடத்திலிருந்து பின்னறைக்குப் போகிற பத்துத் தப்படி. வராந்தாவில் டாக்டரை விட்டுவிட்டு நடந்தது போலவே இருந்தது. போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"என்ன சொன்னாங்க?"

"பத்து நிமிஷம் முன்னாடி வேற ஆளுக்குக் கொடுத்துட்டாங்களாம். இனிமே குளிர் முடிஞ்சுதானாம். நான் தோட்டத்துல நின்ன நேரத்துல போயிடுச்சு."

காது சிவக்கவில்லை. கத்தரியம்மா அதைக் கவனித்தார். "அந்தக் கோட்டைப் போட்டுடுங்க கண்ணாடியில" என்றார். அன்றைக்கே போட்டார். அதற்குப் பிறகு எதுவும் வந்து முட்டவில்லை. ஏற்கெனவே முட்டியவை மட்டும் பனியில் வந்து நின்றன. அவர் துடைக்கப் போகவில்லை. இருவரும் கட்டிலில் இருந்தபடி, இது எந்தக் குருவி, இது எப்போது விழுந்தது என்று பேசிக்கொண்டார்கள். அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார், எதையும் மறைக்கவில்லை. சில நாள் கத்தரியம்மா அழுதார். சில நாள் அவரைத் திட்டினார். ஒரு நாள் முழுக்கப் பேசவே இல்லை. அதையும் அவர் வாங்கிக்கொண்டார்.

இருபத்து மூன்றாம் நாள் மத்தியானம், வெளியே வெளிச்சம் இருந்தும் வெயில் இல்லை. கத்தரியம்மாவுக்கு இரண்டு நாளாகச் சளி. மகள் மருந்து வாங்கப் போயிருந்தாள். தோட்டத்தில் ஒரு பறவை கூட இல்லை.

"ஏங்க" என்றார் கத்தரியம்மா. பாதி சொல்லுக்கு ஒரு மூச்சு வேண்டியிருந்தது. "குளிர் முடியற வரைக்கும் தாங்குவேனா?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டார். முப்பத்தொரு வருஷத்தில் அந்தக் கையை இவ்வளவு இறுக்கிப் பிடித்ததில்லை.

"தாங்க மாட்டே" என்றார்.

கத்தரியம்மா அவர் முகத்தைத் திருப்பி, காதைத் தொட்டுப் பார்த்தார். உதட்டில் பழைய குறும்பு எட்டிப் பார்த்தது.

"சொல்ல வருதே உங்களுக்கு" என்றார்.